எத்தனை சதவீதம் மெதுவாகும்?

கண்காணிப்பு ஏஜென்ட்டைப் புரொடக்‌ஷனில் பொருத்தப் போகிறோம் என்று சொன்னதும் டெவலப்பர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஒரு ஏபிஐயின் மறுமொழி நேரத்தில் ஐந்து மில்லிநொடியைக் குறைக்க அவர்கள் வாரக்கணக்கில் உழைத்திருப்பார்கள். அந்த நிரலுக்குள்ளேயே வேறு யாரோ எழுதிய நிரலும் ஓடப்போகிறது என்றால் கவலை வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கேள்விக்கு ‘2 சதவீதம்’, ‘5 சதவீதத்துக்குள்’ என்று ஒற்றை எண்ணைப் பதிலாகக் கொடுத்துவிடாதீர்கள். எந்தப் பயன்பாட்டில், எந்தச் சுமையில் அளந்தது என்று சேர்த்துச் சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. ஒரு சர்வீஸில் அது சரியாக இருக்கும். பக்கத்து சர்வீஸில் பத்து மடங்கு தவறாக இருக்கும். தவறாகப் போன அந்தக் குழு அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் நம்பாது.

மாதச் சம்பளத்தில் மளிகைக்கு எத்தனை சதவீதம் போகும் என்று கடைக்காரரைக் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. துவரம்பருப்பு கிலோ என்ன விலை என்று சொல்வார். எத்தனை கிலோ வாங்குகிறோம், சம்பளம் எவ்வளவு என்பது நமக்குத்தான் தெரியும். கண்காணிப்பின் கூடுதல் சுமையும் இப்படித்தான். ஒரு நிகழ்வைப் பதிவுசெய்ய ஆகும் செலவு ஏஜென்ட்டைப் பொறுத்தது. ஒரு ரிக்வெஸ்ட்டில் எத்தனை நிகழ்வுகள் நடக்கின்றன என்பது டெவலப்பர் எழுதிய நிரலைப் பொறுத்தது. சர்வரில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினால் உரையாடல் சண்டையாக மாறாமல் கணக்காக மாறும். இந்த அத்தியாயம் அந்தக் கணக்கைப் பற்றியது.

விலையும் எண்ணிக்கையும்

கூகுள் தன் டாப்பர் என்ற டிரேசிங் அமைப்பைப் பற்றி 2010-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இந்த விலைப்பட்டியல் வெளிப்படையாக இருக்கிறது. 2.2 கிகாஹெர்ட்ஸ் சர்வரில் ஒரு டிரேஸின் முதல் ஸ்பேனை உருவாக்கி முடிக்க 204 நானோநொடி. அதன் கீழ் வரும் மற்ற ஸ்பேன்களுக்கு 176. ஸ்பேனோடு ஒரு குறிப்பைச் சேர்க்க 40 நானோநொடி. அந்த டிரேஸ் சாம்பிளுக்குத் தேர்வாகவில்லை என்றால் குறிப்பு சேர்க்கும் வேலை 9 நானோநொடியோடு முடிந்துவிடும். சேமிப்பில் ஒரு ஸ்பேன் சராசரியாக 426 பைட் பிடிக்கிறது.

அது ஒரு நிறுவனம் தன் சொந்த நூலகங்களுக்காக அளந்து செதுக்கிய நிரல். எந்த ஃபிரேம்வொர்க்கைக் கண்டாலும் தானாகப் பொருந்திக்கொள்ளும் பொது ஏஜென்ட்கள் அந்த அளவு சிக்கனமாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கணக்கு எளிதாக இருக்க, ஒரு ஸ்பேனுக்கு 2 மைக்ரோநொடி என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பக்கம் 5 எஸ்க்யூஎல் வினவல்களைச் செய்து 40 மில்லிநொடியில் முடிகிறது. கண்காணிப்புச் செலவு 10 மைக்ரோநொடி. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதே சர்வீஸில் ஓர் அறிக்கைப் பக்கம், ஓஆர்எம்மின் கைங்கரியத்தால், வரிசை ஒவ்வொன்றுக்கும் தனி வினவல் அனுப்பி மொத்தம் 800 வினவல்களைச் செய்கிறது. இங்கே செலவு 1.6 மில்லிநொடி. நேரத்தை விட நினைவகம்தான் கவலைக்குரியது: 800 ஸ்பேன், தலா 426 பைட் என்றால் ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஏறத்தாழ 340 கேபி. விநாடிக்கு 200 ரிக்வெஸ்ட் வந்தால் விநாடிக்கு 68 எம்பி. ஜாவா ஹீப்பில் பொருள்களாக இருக்கும்போது அதைவிடக் கூடுதலாகவே பிடிக்கும். இத்தனையும் குப்பை சேகரிப்பான் தலையில் விழும். டெவலப்பர் பார்க்கும் மெதுவாதல் ஸ்பேன் உருவாகும் இடத்தில் தெரியாது; எங்கோ ஒரு ஜிசி இடைநிறுத்தத்தில், சம்பந்தமே இல்லாத ஒரு ரிக்வெஸ்ட்டின் 99-வது சதமானத்தில் தெரியும்.

மூன்றாவது வகையில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஒரு சிறிய மெத்தட் 50 நானோநொடியில் முடிகிறது. ஒரு ரிக்வெஸ்ட்டில் 50,000 முறை அழைக்கப்படுகிறது. மொத்தம் 2.5 மில்லிநொடி. யாரோ ஆர்வத்தில் அதன்மேல் ஸ்பேன் வைத்துவிட்டார்கள். இப்போது ஸ்பேன்களுக்கு மட்டும் 100 மில்லிநொடி. அதைவிட மோசம், திரையில் தெரியும் பொய். அந்த மெத்தட்தான் நேரத்தைத் தின்கிறது என்று வரைபடம் காட்டும். டெவலப்பர் அதை மூன்று நாள் உட்கார்ந்து மாற்றி எழுதுவார், ஒன்றும் மாறாது. அளவுகோலே அளவைக் கெடுத்துவிட்டது.

ஆகவே டெவலப்பர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இது: ஸ்பேனை எல்லைகளில் வையுங்கள். வெளியிலிருந்து வரும் ரிக்வெஸ்ட், தரவுத்தளம், கேஷ், மெசேஜ் கியூ, வேறு சர்வீஸுக்குப் போகும் அழைப்பு. இந்த இடங்களிலெல்லாம் செய்யும் வேலையே நூற்றுக்கணக்கான மைக்ரோநொடி முதல் மில்லிநொடி வரை எடுக்கும். 2 மைக்ரோநொடி அதில் கரைந்துபோகும். நிரலின் உட்புறம் எங்கே நேரம் போகிறது என்று பார்க்க வேண்டுமானால் அதற்குச் சாம்பிளிங் புரொஃபைலர் இருக்கிறது. விநாடிக்கு 99 முறை அடுக்கை எட்டிப் பார்க்கும் புரொஃபைலரின் செலவு, மெத்தட் எத்தனை லட்சம் முறை அழைக்கப்பட்டாலும் அதிகரிக்காது. ஏன் 100 அல்ல, 99 என்று யாராவது கேட்பார்கள்: பயன்பாட்டில் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓடும் வேலை ஏதாவது இருந்தால், அதனோடு தாளம் சேர்ந்து தப்பான படம் கிடைக்காமல் இருக்கத்தான்.

ஜாவாவில் இதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. ஃபிளைட் ரெக்கார்டர் 2018-இல் ஜேடிகே 11-ஓடு திறந்த மூலமாக வந்தது. அதை முன்மொழிந்த ஆவணம், இயல்பு அமைப்பில் ஸ்பெக்ஜேபிபி 2015 சோதனையில் கூடுதல் சுமை 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இலக்கு வைத்தது. ஒரு சதவீதத்தைச் சொல்ல வேண்டும் என்றால் இப்படிச் சொல்ல வேண்டும்: எந்தச் சோதனை, எந்த அமைப்பு என்று பெயரோடு. பைத்தானில் ஒவ்வொரு அழைப்பையும் பிடிக்கும் பழைய கொக்கிகள் பெரும் சுமை தருபவை, அதனால்தான் 3.12-இல் கண்காணிப்புக்கென்றே சுமை குறைந்த தனி வசதியைச் சேர்த்தார்கள்.

கண்ணில் படாத செலவுகள்

நானோநொடிக் கணக்கில் அடங்காத சில செலவுகள் உண்டு. டெவலப்பர்கள் ‘நீங்கள் போட்டதிலிருந்துதான் மெதுவாகிறது’ என்று சொல்லும்போது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

ஜாவா ஏஜென்ட், கிளாஸ்கள் ஏற்றப்படும்போதே பைட்கோடை மாற்றி எழுதுகிறது. மெத்தட்டின் உருவம் பெருக்கிறது. ஹாட்ஸ்பாட் ஜேஐடி கம்பைலர் அடிக்கடி ஓடும் மெத்தட்டை அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுத, அது 325 பைட் பைட்கோடுக்குள் இருக்க வேண்டும் என்பது இயல்பு வரம்பு. அடிக்கடி ஓடாதவற்றுக்கு 35 பைட். 320 பைட்டில் இருந்த மெத்தட் ஏஜென்ட் சேர்த்த சில வரிகளால் 340 ஆனால் விரிப்பு நின்றுபோகும். அதை நம்பியிருந்த மற்ற மேம்படுத்தல்களும் கூடவே போகும். ஏஜென்ட் நிரல் ஓடும் நேரத்தை மட்டும் அளந்தால் இது தெரியவே தெரியாது. இதைவிடக் கடுமையான வரம்பு ஒன்றும் உண்டு: 8,000 பைட்டைத் தாண்டிய மெத்தட்டை ஹாட்ஸ்பாட் இயல்பாகக் கம்பைல் செய்வதே இல்லை. தானாக உருவாக்கப்பட்ட பெரிய மெத்தட்கள் இந்த எல்லைக்கு அருகில் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

நேரம் பார்ப்பதற்கே செலவு உண்டு. ஒரு ஸ்பேனுக்குக் குறைந்தது இரண்டு முறை கடிகாரம் பார்க்க வேண்டும். லினக்ஸில் சாதாரணமாக இது கெர்னலுக்குள் போகாமலே சில பத்து நானோநொடிகளில் முடியும். சில மெய்நிகர் இயந்திரங்களில் கடிகார மூலம் வேறாக அமைந்திருந்தால் ஒவ்வொரு முறையும் முழு சிஸ்டம் அழைப்பாக மாறி, பல மடங்கு செலவாகும். ஸென் அடிப்படையிலான பழைய கிளவுட் இயந்திரங்களில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல். ஏஜென்ட்டைக் குறை சொல்வதற்கு முன் கடிகார மூலம் டிஎஸ்சி தானா என்று ஒருமுறை பாருங்கள்.

விதிவிலக்கு எழும்போது முழு ஸ்டாக் டிரேஸையும் எழுத்தாக மாற்றிச் சேமிக்கும் ஏஜென்ட்கள் உண்டு. உள்ளீடு சரிபார்ப்புக்கே விதிவிலக்கைப் பயன்படுத்தும் நிரலில் இது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் நடக்கும். எஸ்க்யூஎல் வாசகத்திலிருந்து வாடிக்கையாளர் தரவை நீக்கிச் சுத்தப்படுத்தும் வேலையும் அப்படியே. வாசகத்தின் நீளத்துக்கேற்பச் செலவு கூடும். ஐந்தாயிரம் எண்களைப் பட்டியலாக அடுக்கி ஒரே வினவலில் அனுப்பும் வழக்கம் உங்கள் குழுவில் இருந்தால் அங்கே பார்க்க வேண்டும்.

தொடக்க நேரத்தைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஏற்றப்படும் ஆயிரக்கணக்கான கிளாஸ்களில் எதை மாற்ற வேண்டும், எதை விட வேண்டும் என்று ஏஜென்ட் ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். டெவலப்பரின் எட்டு கோர் மடிக்கணினியில் அது சில நொடி. குபர்னெட்டிஸில் அரை சிபியு வரம்போடு ஓடும் பாடில் அதே வேலை பல மடங்கு நீளும். உயிர்ப்புச் சோதனை காலாவதியாகி, கொள்கலன் கொல்லப்பட்டு, மறுபடி தொடங்கி, மறுபடி கொல்லப்படும். ‘ஏஜென்ட் எங்கள் சர்வீஸைச் சாய்த்துவிட்டது’ என்ற புகார் வரும். ஏஜென்ட்டில் பிழை எதுவும் இருக்காது; தொடக்கச் சோதனைக்குத் தனிக் கால அவகாசம் கொடுத்தால் போதும்.

சாம்பிளிங்கைப் பற்றிய குழப்பம்

ஓப்பன்டெலிமெட்ரியில் சாம்பிளரை நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால், வேறு யாரும் முன்பே முடிவு செய்யாத எல்லா டிரேஸ்களும் பதிவாகும். இயல்பு அமைப்பு அதுதான். சோதனைச் சூழலில் வசதி. புரொடக்‌ஷனில் அது ஒரு முடிவு, யாரோ தெரிந்து எடுத்திருக்க வேண்டிய முடிவு.

டாப்பர் அறிக்கையில் கூகுளின் வலைத் தேடல் கிளஸ்டரில் அளந்த ஓர் அட்டவணை இருக்கிறது. எல்லா டிரேஸ்களையும் பதிவுசெய்தபோது சராசரி மறுமொழி நேரம் 16.3 சதவீதம் கூடியது, செயல்திறன் 1.48 சதவீதம் குறைந்தது. எட்டில் ஒன்றைப் பதிந்தபோது மறுமொழி நேரம் 4.12 சதவீதம் கூடியது. பதினாறில் ஒன்று என்று ஆக்கியபோது 2.12, அதாவது அளவீட்டின் பிழை வரம்புக்குள் வந்துவிட்டது. 1,024-இல் ஒன்று என்றபோது எதுவுமே தெரியவில்லை. ஒரே அமைப்பு, ஒரே நிரல். 16 என்றும் சொல்லலாம், பூஜ்யம் என்றும் சொல்லலாம். டெவலப்பர்களுக்கு இந்த அட்டவணையை அப்படியே காட்டுங்கள்; ‘எத்தனை சதவீதம்’ என்ற கேள்வி தானாக ‘எந்த சாம்பிளிங் விகிதத்தில்’ என்று மாறும்.

குறைந்த விகிதத்தில் அரிய பிழைகள் தப்பிப் போகாதா என்று கேட்பார்கள். போகும். விநாடிக்குப் பல்லாயிரம் ரிக்வெஸ்ட் வரும் இடத்தில் ஆயிரத்தில் ஒன்றும் போதும், ஏனென்றால் கவனிக்க வேண்டிய எதுவும் திரும்பத் திரும்ப நடக்கும். நாளைக்கு நாற்பது முறை மட்டும் ஓடும் ஊதியக் கணக்கு வேலைக்கு அந்த விகிதத்தை வைத்தால் ஆண்டுக்குப் பதினான்கு, பதினைந்து டிரேஸ்தான் கிடைக்கும். அங்கே முழுவதையும் பதியுங்கள். நாற்பது முறைக்கு ஆகும் செலவு ஒரு பொருட்டே அல்ல.

பிழையுள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ள, டிரேஸ் முடிந்தபின் கலெக்டரில் முடிவெடுக்கும் முறை உண்டு. நல்ல முறை. ஆனால் அதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: ‘கலெக்டரில் 95 சதவீதத்தைத் தூக்கி எறிகிறோம், ஆகவே பயன்பாட்டின் சுமையும் 95 சதவீதம் குறையும்’ என்று. குறையாது. தூக்கி எறிவதற்கு முன்பே எல்லா ஸ்பேன்களும் பயன்பாட்டுக்குள் உருவாகி, நினைவகம் பிடித்து, பொட்டலமாகி, வலைப்பின்னல் வழியாகப் போய்விட்டன. மிச்சமாவது சேமிப்புச் செலவு மட்டும். கூடவே, முடிவெடுக்கும்வரை எல்லாவற்றையும் கலெக்டர் தன் நினைவகத்தில் தேக்கிவைக்க வேண்டும்.

ஏற்றுமதியிலும் ஒன்றைக் கவனியுங்கள். தொகுதியாக அனுப்பும் புராசசர், இயல்பு அமைப்பில் 2,048 ஸ்பேன்கள் கொள்ளும் வரிசையில் தேக்கி, 5 நொடிக்கு ஒருமுறை, 512 வரையான தொகுதிகளாகப் பின்னணி த்ரெட்டில் அனுப்புகிறது. வரிசை நிரம்பினால் ஸ்பேன்களைக் கைவிடும். பயன்பாட்டை நிறுத்தி வைக்காது. ஒவ்வொரு ஸ்பேனையும் முடிந்த உடனே அனுப்பும் எளிய புராசசர் வேறு. அது கற்றுக்கொள்ளும்போது பயன்படுத்துவதற்கானது. மாதிரி நிரலிலிருந்து நகலெடுத்தபோது அது புரொடக்‌ஷனுக்கு வந்துவிட்டதா என்று நிரல் களஞ்சியத்தில் தேடிப் பாருங்கள். கலெக்டர் தாமதித்தால் வாடிக்கையாளரும் காத்திருக்கும் நிலை அங்கேதான் உண்டாகும்.

3 சதவீதம் எப்போது 41 சதவீதம் ஆகிறது

ஒரு ரிக்வெஸ்ட்டின் சிபியு வேலை 3 சதவீதம் கூடியது என்று அளந்துவிட்டோம். மறுமொழி நேரமும் 3 சதவீதம்தான் கூடும் என்று எண்ணக் கூடாது. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியில், ஒரே சர்வர், ஒழுங்கின்றி வரும் ரிக்வெஸ்ட்கள் என்று எடுத்துக்கொண்டால், மறுமொழி நேரம் என்பது வேலை நேரத்தை மிச்சமுள்ள திறனின் பின்னத்தால் வகுத்தது. வேலை நேரம் 10 மில்லிநொடி, சர்வர் பாதி நேரம் ஓய்வாக இருக்கிறது என்றால் மறுமொழி 20 மில்லிநொடி. 3 சதவீதம் கூட்டினால் 21.2. சர்வர் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் 50 மில்லிநொடி 58.5 ஆகும். 90 சதவீதம் நிரம்பியிருந்தால் 100 மில்லிநொடி 141 ஆகிவிடும்.

பல கோர்கள் உள்ள உண்மையான சர்வரில் எண்கள் இவ்வளவு கடுமையாக இருக்காது. வளைவின் போக்கு இதுதான். சோதனைச் சூழலில் நீங்கள் 3 சதவீதம் என்று அளந்ததும், பண்டிகை விற்பனை நாளில் டெவலப்பர் 40 சதவீதம் என்று கண்டதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தேவையில்லை. ஏஜென்ட்டைப் பொருத்துவதற்கு முன் உச்ச நேர சிபியு பயன்பாடு எவ்வளவு என்று கேளுங்கள். 85-க்கு மேல் என்றால் முதலில் திறனைக் கூட்டச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஒரு சாதாரண லாக் வரியைச் சேர்த்தாலும் அதே விளைவு வரும்.

உங்கள் சர்வீஸில் அளப்பது

ஏஜென்ட் இல்லாமல் ஒருமுறை, ஏஜென்ட்டோடு ஒருமுறை ஓட்டி ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்வது. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஏஜென்ட் இல்லாமலேயே பலமுறை ஓட்டுங்கள். அந்த ஓட்டங்களுக்குள்ளேயே 4 சதவீத வேறுபாடு இருந்தால், பிறகு கிடைக்கும் 3 சதவீதத்தை வைத்து யாரும் எதுவும் பேச முடியாது. அந்த இரைச்சல் அளவை முதல் வரியாக எழுதி வையுங்கள்.

பிறகு படிப்படியாக ஏற்றுங்கள். ஏஜென்ட் இணைந்திருந்தும் எதையும் பதியாத நிலை, அளவீடுகள் மட்டும், 5 சதவீத டிரேஸ், முழு டிரேஸ் என்று. எந்தப் படியில் கோடு எகிறுகிறதோ அங்கேதான் பேச்சுக்கு இடம். ஜேஐடி சூடேறும்வரையான நிமிடங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓட்டங்களை மாற்றி மாற்றி நடத்துங்கள்; காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் ஓட்டினால், பகிர்ந்த கிளவுட் இயந்திரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் சுமையையும் சேர்த்தே அளப்பீர்கள்.

சுமை தரும் கருவி முக்கியம். முந்தைய பதில் வந்தபின்தான் அடுத்த ரிக்வெஸ்ட்டை அனுப்பும் கருவி, சர்வர் திணறும்போது தானும் மரியாதையாகக் காத்திருக்கும். மோசமான தருணங்கள் பதிவிலிருந்தே விழுந்துவிடும். கில் டெனே இதை விரிவாக எடுத்துக்காட்டி, நிலையான வேகத்தில் அனுப்பும் டபிள்யூஆர்கே2 கருவியை உருவாக்கினார். அதுபோன்ற ஒன்றைப் பயன்படுத்துங்கள். மறுமொழி நேரத்தோடு நிற்காமல், ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஆகும் சிபியு நேரத்தையும் விநாடிக்கு ஒதுக்கப்படும் நினைவகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சுமை ஏறி இறங்கினாலும் இவ்விரண்டும் அவ்வளவாக ஆடாது. வாதத்தில் நிற்கும் எண்கள் இவைதான்.

அளவீடுகளைச் சேர்க்கும்போது லேபிள்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 20 எண்ட்பாயின்ட், 5 நிலைக் குறியீடு, 10 பாட் என்றால் 1,000 தொடர்கள். யாராவது வாடிக்கையாளர் எண்ணை லேபிளாகச் சேர்த்தால், ஒரு லட்சம் வாடிக்கையாளர்களுக்கு அதுவே கோடிக்கணக்காகலாம். அது பயன்பாட்டின் நினைவகத்திலும் உட்காரும், அளவீட்டுச் சர்வரிலும் உட்காரும். வாடிக்கையாளர் எண்ணுக்கு இடம் ஸ்பேனில்தான்.

குழுவோடு உட்காரும்போது

அவர்கள் நிரலின் எண்களோடு போங்கள். பொதுவான விளக்கப்படங்கள் வேண்டாம். ‘உங்கள் அறிக்கைப் பக்கத்தில் 800 வினவல்கள் இருக்கின்றன, அதனால் அங்கே மட்டும் 1.6 மில்லிநொடி கூடும், மற்ற எண்ட்பாயின்ட்களில் தெரியாது’ என்று சொன்னால் அவர்களுக்கு இரண்டு செய்தி போய்ச் சேரும். இரண்டாவது செய்தியை நீங்கள் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் அடுத்த வாரம் 800 என்பது 3 ஆகியிருக்கும்.

புது வெளியீட்டையும் ஏஜென்ட்டையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். எது மெதுவாக்கியது என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது. குற்றம் வெளியிலிருந்து வந்ததன்மேல்தான் விழும். பத்து பாடில் ஒன்றுக்கு மட்டும் பொருத்தி, ஒரு வார முழுச் சுழற்சியை, மாத முடிவு வேலைகள் இருந்தால் அதையும் சேர்த்து, மற்ற ஒன்பதோடு ஒப்பிடுங்கள். ஏற்கெனவே வேறொரு நிறுவனத்தின் ஏஜென்ட் இருந்தால் இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள். இரண்டும் ஒரே கிளாஸ்களை மாற்றி எழுதும், விளைவை யாராலும் கணிக்க முடியாது.

எவ்வளவு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று அளப்பதற்கு முன்பே டெவலப்பர்களைச் சொல்லச் சொல்லுங்கள். ‘99-வது சதமானம் 10 மில்லிநொடிக்கு மேல் கூடினால் எடுத்துவிடலாம்’ என்பதுபோல எண்ணோடு. எடுப்பதும் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும்: டெப்லாய்மென்ட்டில் ஒரே ஒரு சூழல் மாறியை மாற்றி, உங்கள் அனுமதிக்குக் காத்திராமல், நள்ளிரவிலும் அணைக்க முடிய வேண்டும். ஜாவா ஏஜென்ட்டை அணைக்க ஜேவிஎம்மை மறுதொடக்கம் செய்தாக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாம்பிளிங் விகிதத்தை ஓடும்போதே மாற்றும் வசதியை அமைத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.

ஏஜென்ட்டின் பதிப்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இதே அளவீட்டை மறுபடி ஓட்டுங்கள். புதிய பதிப்பு புதிய நூலகங்களைக் கண்காணிக்கத் தொடங்கியிருக்கும். நேற்றுவரை ஸ்பேன் உருவாகாத உங்கள் கேஷ் அழைப்புகளுக்கு இன்று உருவாகும். மாற்றக் குறிப்பில் அது ஒரு வரியாக இருக்கும். தேவையில்லாத நூலகக் கண்காணிப்பைத் தனித்தனியாக அணைக்கும் வசதி பெரும்பாலான ஏஜென்ட்களில் உண்டு. எவற்றை அணைத்திருக்கிறோம், ஏன் என்று அமைப்புக் கோப்பிலேயே குறிப்பாக எழுதி, அளந்த தேதியையும் பக்கத்தில் போட்டு வையுங்கள்.